ஆக்ஸான் வந்த பிறகு எழும் எல்லை: மாண்டூக்கா அந்துப்பூச்சியின் வாசனை மடலில் நரம்பணுவும் கிளியாவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

மாண்டூக்கா செக்ஸ்டா என்னும் அந்துப்பூச்சியின் மூளையில், உணர்கொம்பிலிருந்து வரும் வாசனைச் செய்திகளை முதலில் பெற்றுக்கொள்ளும் பகுதிக்கு உணர்கொம்பு மடல் என்று பெயர். அந்த மடலை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் ஓரம் நெடுக 60க்குச் சற்று அதிகமான உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். துறையினர் குளோமெருலஸ் என்று குறிப்பிடும் இவற்றை இக்கட்டுரையில் வாசனை முடிச்சுகள் என்றே அழைக்கிறேன். உணர்கொம்பில் உள்ள வாசனை ஏற்பி நரம்பணுக்களின் ஆக்ஸான்கள், அதாவது செய்தியை எடுத்துச் செல்லும் நீண்ட இழைகள், இம்முடிச்சுகளுக்குள் வந்து முடிகின்றன. மூளையைச் சேர்ந்த நரம்பணுக்களின் டென்ட்ரைட்கள், அதாவது செய்தியைப் பெறும் கிளை இழைகள், அவற்றை அங்கே சந்திக்கின்றன. ஒவ்வொரு முடிச்சையும் சுற்றி, நரம்பு மண்டலத்தில் நரம்பணுக்களோடு சேர்ந்து வாழும் துணைச் செல்களான கிளியா செல்களாலான ஓர் உறை இருக்கிறது. பக்கத்து முடிச்சின் இழைகள் இந்த முடிச்சுக்குள் நுழையாமலிருப்பதற்கு அந்த உறையும் ஒரு காரணம்.

வளர்ந்த மடலைப் பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் விளக்கம், கிளியா செல்கள் முன்கூட்டியே அறைகளைக் கட்டி வைத்திருந்தன, ஆக்ஸான்கள் வந்து அவற்றில் குடியேறின என்பதாகும். கிளியாவை நரம்பணுக்களுக்கான சாரமாகவும் தாங்கியாகவும் மட்டுமே கருதிய பழைய பார்வைக்கும் இது ஒத்துப்போகும். ஆனால் அமெரிக்காவின் டூசான் நகரில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் லெஸ்லி டோல்பர்ட், லின் ஓலண்ட், ஜான் ஹில்டிபிராண்ட் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 1980களிலிருந்து செய்த ஆய்வுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கின. வயலில் வரப்பு கட்டிய பிறகு நாற்று நடுவதே வழக்கம். இந்த மடலிலோ நாற்று முதலில் நடப்படுகிறது, அது ஊன்றிய இடத்தைச் சுற்றியே வரப்பு எழுகிறது. எங்கே, எப்போது, எந்த அளவில் எல்லை தோன்ற வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் நரம்பணுக்களே தீர்மானிக்கின்றன. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், அதன் ஒவ்வொரு படிக்கும் என்ன சான்று இருக்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஏன் இந்தப் பூச்சி

மாண்டூக்காவின் புழு, அமெரிக்கக் கண்டங்களில் புகையிலைச் செடியையும் தக்காளிச் செடியையும் தின்று அழிப்பது. வால்முனையில் ஒற்றைக் கொம்புடன் விரல் பருமனுக்கு வளரும். நம் எள் வயல்களில் இலையைத் தின்னும் கொம்புப்புழுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், அதைப் பார்த்தவர்களுக்கு மாண்டூக்காவின் தோற்றத்தைக் கற்பனை செய்வது கடினமாக இராது. செயற்கை உணவில் ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம் என்பதும், அளவில் பெரியது என்பதால் வளரும் பருவத்திலேயே அறுவை செய்யலாம் என்பதும் ஆய்வாளர்கள் இதைத் தேர்ந்ததற்குப் பொதுவான காரணங்கள்.

இந்தக் கேள்விக்கென்றே கூடுதலாகப் பொருந்திய காரணங்களும் உண்டு. புழுப் பருவத்தில் இதன் உணர்கொம்பு மிகச் சிறியது. வளர்ந்த பூச்சியின் நீண்ட உணர்கொம்பும், அதிலுள்ள ஏறத்தாழ 3 லட்சம் ஏற்பி நரம்பணுக்களும், அவை சென்று சேரும் மடலும் கூட்டுப்புழுப் பருவத்தில் புதிதாக உருவாகின்றன. ஏற்பி நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதில்லை. உணர்கொம்பின் தோலடுக்கில் பிறந்து அங்கிருந்து மூளையை நோக்கி ஆக்ஸான்களை நீட்டுகின்றன. ஆகவே மூளையைத் தொடாமலேயே, வரவிருக்கும் ஆக்ஸான்களை மட்டும் முழுவதுமாக நிறுத்திவிட முடியும். மேலும் மாண்டூக்காவில் இடது உணர்கொம்பின் ஆக்ஸான்கள் இடது மடலுக்கும், வலது உணர்கொம்பின் ஆக்ஸான்கள் வலது மடலுக்கும் மட்டுமே செல்கின்றன. பழ ஈயான டிரோசோஃபிலாவில் அப்படியில்லை. அங்கே பெரும்பாலான ஏற்பி நரம்பணுக்கள் இரு பக்க மடல்களுக்கும் கிளை அனுப்புகின்றன. ஒரு பக்க உணர்கொம்பை அகற்றிவிட்டு, மறுபக்க மடலை அதே விலங்கின் ஒப்பீட்டு மடலாக வைத்துக்கொள்ளும் வசதி மாண்டூக்காவில் கிடைக்கிறது. பரிசோதனைக்கு ஏற்ற விலங்கைத் தேர்ந்தெடுப்பதே பாதி விடையைத் தந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மடல் உருவாகும் வரிசை

கூட்டுப்புழுவுக்குள் முழுப்பூச்சி உருவாக ஏறத்தாழ 3 வாரம் ஆகிறது. ஆய்வாளர்கள் அக்காலத்தை 18 வளர்நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொடக்க நிலைகளில் மடல் என்பது நரம்பிழைகள் நுண்மையாகப் பின்னிய ஒரு திரள் மட்டுமே. அதில் எந்தப் பிரிவும் இல்லை. அதன் வெளிவிளிம்பில் கிளியா செல்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழையும் முயற்சி எதுவும் அவற்றிடம் தென்படுவதில்லை.

4ஆம் நிலை வாக்கில் உணர்கொம்பிலிருந்து ஆக்ஸான்கள் வந்து சேரத் தொடங்குகின்றன. அவை மடலின் ஓரத்தில் அங்கங்கே குவிந்து, சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. இவற்றை முன்முடிச்சுகள் எனலாம். இந்த நிலையில் அவற்றைச் சுற்றி எல்லை எதுவும் கிடையாது. ஆக்ஸான் நுனிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால் மட்டுமே அவை உருண்டையாக இருக்கின்றன. அடுத்த ஓரிரு நிலைகளில்தான் விளிம்பில் நின்ற கிளியா செல்கள் அசையத் தொடங்குகின்றன. முதலில் தம் நீட்சிகளை முன்முடிச்சுகளுக்கு இடைப்பட்ட சந்துகளுக்குள் விடுகின்றன. பின்னர் செல்லின் உடலும் அந்த நீட்சியைத் தொடர்ந்து உள்ளே நகர்கிறது. இவ்வாறு ஒவ்வொரு முன்முடிச்சும் சுற்றி வளைக்கப்படுகிறது. ஒரே முடிச்சில் மட்டும் கிளைக்கும் மூளை நரம்பணுக்கள் சில இதே காலத்தில் தம் டென்ட்ரைட்களை முன்முடிச்சுக்குள் செலுத்துகின்றன. மற்ற நரம்பணுக்களின் இழைகள் அதன் பிறகு வந்து இடத்தை நிரப்புகின்றன.

1990இல் ஓலண்ட், ஆர், டோல்பர்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்த முன்முடிச்சு வார்ப்பை ஆக்ஸான்களே கட்டுகின்றன என்றும், முடிச்சு உருவாக்கத்தின் தொடக்கம் அதுவே என்றும் நிறுவியது. ஆனால் வரிசையைப் பார்த்தது மட்டுமே காரணத்தைக் காட்டிவிடாது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை ஒன்றால் மற்றொன்று நடந்தவையாக இருக்க வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு பங்காளியையும் தனித்தனியே நீக்கிப் பார்ப்பது அவசியமாயிற்று.

உணர்கொம்பை அகற்றியபோது

கூட்டுப்புழுவின் உடலில் உணர்கொம்பு, மேலோட்டின் அடியில் சிறகுறையை ஒட்டிப் படிந்து கிடக்கும். ஆக்ஸான்கள் புறப்படும் முன்பே, பூச்சியைக் குளிரில் மயக்கி, அந்த இடத்து ஓட்டைத் திறந்து, வளரும் உணர்கொம்பை ஒரு பக்கத்தில் மட்டும் அகற்றினார்கள். விலங்கு பிழைத்து வளர்ந்தது. இரு பக்க மடல்களையும் பிறகு ஒப்பிட்டபோது வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாததாக இருந்தது. உணர்கொம்பு உள்ள பக்கத்தில் வழக்கமான முடிச்சுகளும் கிளியா உறைகளும் இருந்தன. உணர்கொம்பு இல்லாத பக்கத்தில் முடிச்சு ஒன்றுகூட உருவாகவில்லை. கிளியா செல்கள் இறந்துவிட்டிருக்கவில்லை. தொடக்கத்தில் நின்ற அதே விளிம்பில் நின்றுகொண்டிருந்தன. மூளையைச் சேர்ந்த நரம்பணுக்களின் டென்ட்ரைட்கள் எல்லையற்ற அந்த இழைத்திரளுக்குள் பரவிக்கிடந்தன.

இதை ஓலண்டும் டோல்பர்ட்டும் 1987இல் வெளியிட்டார்கள். ஆக்ஸான் இல்லாதபோது கிளியா செல்கள் தவறான இடத்துக்குச் செல்லவில்லை, எங்குமே செல்லவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. கிளியாவுக்குள் நகர்வதற்கான ஒரு திட்டம் தானாகவே ஓடிக்கொண்டிருந்து, ஆக்ஸான் அதற்குத் திசை மட்டும் காட்டியது என்றால், ஆக்ஸான் இல்லாதபோது அவை ஒழுங்கின்றி அலைந்திருக்க வேண்டும். அவை நின்ற இடத்திலேயே நின்றதால், ஆக்ஸானின் வருகை திசையை மட்டுமல்ல, புறப்பாட்டையே தொடங்கிவைக்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆக்ஸான்களின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வேறொரு வகைப் பரிசோதனை காட்டியது. ஆண் மாண்டூக்காவின் மடலில், பெண் பூச்சி வெளியிடும் இனக்கவர்ச்சி வாசனைக்கென்றே பெரிய முடிச்சுத் தொகுதி ஒன்று உண்டு. பெண்ணில் அது கிடையாது. புழுப் பருவத்திலேயே ஆணின் உணர்கொம்பாக வளரவிருக்கும் திசுவைப் பெண் புழுவுக்குள் ஒட்டினால், அந்தப் பெண்ணின் மூளையில் ஆணுக்குரிய பெருமுடிச்சு உருவாகிறது. ஷ்னைடர்மன், மட்சுமோட்டோ, ஹில்டிபிராண்ட் ஆகியோர் 1982இல் இதைத் தெரிவித்தார்கள். அப்படி வளர்ந்த பெண் பூச்சிகள் ஆண்களைப் போலவே இனக்கவர்ச்சி வாசனைக்கு எதிர்வினை காட்டின என்பது 1986இல் வெளிவந்தது. பெண்ணின் மூளையில் பெண்ணின் கிளியாவே இருந்தது. மாறியது வெளியிலிருந்து வந்த ஆக்ஸான்கள் மட்டும். மடலின் கட்டமைப்பு எந்த வடிவம் கொள்ள வேண்டும் என்பதற்கான குறிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

கிளியாவைக் குறைத்தபோது

ஆக்ஸானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்றால் கிளியா எதற்கு என்ற கேள்வி எழும். அதற்கான பரிசோதனை கடினமானது. ஏனெனில் கிளியாவை மட்டும் பிரித்து வெட்டி எடுக்க எந்தக் கத்தியாலும் முடியாது. ஆய்வாளர்கள் பிரிவுக் காலத்தின் வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கூட்டுப்புழுப் பருவத்தின் தொடக்கத்தில் மடலின் நரம்பணுக்கள் பிறந்து முடிந்திருக்கும். கிளியா செல்களோ இன்னும் பெருகிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பூச்சிக்குக் காமா கதிர்களைச் செலுத்தினால், பிரிந்துகொண்டிருக்கும் செல்களே பெரும்பாலும் பாதிக்கப்படும். 1988இல் ஓலண்ட், டோல்பர்ட், மாஸ்மன் ஆகியோர் இந்த வழியில் கிளியாவின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கதிரின் வேறு பக்கவிளைவுகளால் முடிவு வந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க, செல் பிரிவுக்குத் தேவையான டிஎன்ஏ உருவாக்கத்தைத் தடுக்கும் ஹைட்ராக்ஸியூரியாவைக் கொண்டும் அதே பரிசோதனை செய்யப்பட்டது. முற்றிலும் வேறான இரு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

கிளியா மிகவும் குறைந்த மடல்களிலும் ஆக்ஸான்கள் வந்தன, முன்முடிச்சுகளாகவும் திரண்டன. ஆனால் அத்திரள்கள் நிலைக்கவில்லை. மூளை நரம்பணுக்களின் டென்ட்ரைட்கள் ஒரு முடிச்சுக்குள் அடங்காமல் பக்கத்துப் பகுதிகளுக்குள் பரவின. முடிவில் மடலில் முடிச்சுகள் இல்லாமலே போயின. பாவ்மன், ஓலண்ட், டோல்பர்ட் மூவரின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரை, கிளியா செல்கள் முன்முடிச்சுகளை நிலைப்படுத்துகின்றன என்று இதற்கு வடிவம் கொடுத்தது. கிளியா சூழும் இடங்களில் டெனாசின் போன்ற புரத மூலக்கூறுகள் இருப்பதும் கண்டறியப்பட்டது. வளரும் நரம்பிழைகளை எல்லையில் தடுக்கும் பணி அவற்றுக்கு இருக்கலாம் என்ற கருத்துக்கு அது இடம் கொடுத்தது.

இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்த நிகழ்வின் அமைப்பு விளங்குகிறது. ஆக்ஸானை நீக்கினால் கிளியா நகர்வதில்லை. கிளியாவைக் குறைத்தால் ஆக்ஸான்கள் முன்முடிச்சைக் கட்டுகின்றன, ஆனால் அது நிற்பதில்லை. ஆகவே தொடங்கிவைக்கும் பொறுப்பு ஆக்ஸானுக்கும், தொடங்கியதை நிலைக்கவைக்கும் பொறுப்பு கிளியாவுக்கும் உரியது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவோர் உண்டு. அது உண்மைதான், ஆனால் எது முன், எது பின், எதற்கு எது தேவை என்பதை அந்தப் பொதுச்சொல் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

நரம்பு மடலுக்குள் நுழையும் இடத்தில்

இதே உறவு மடலின் வாசலிலும் நிகழ்கிறது என்பதை வோல்ஃப்காங் ரோஸ்லரும் அரிசோனா குழுவினரும் 1999இல் காட்டினார்கள். உணர்கொம்பு நரம்பில் ஆக்ஸான்கள் பயணம் செய்யும்போது, உணர்கொம்பில் அவை பிறந்த இடத்தைப் பொறுத்தே பக்கத்துணைகள் அமைகின்றன. ஆனால் மடலில் அவை சேர வேண்டியது பிறந்த இடத்தைப் பொறுத்தல்ல, எந்த வாசனையை உணர்கின்றன என்பதைப் பொறுத்து. எனவே எங்கோ ஓரிடத்தில் பழைய துணைகளை விட்டு, தம் வகையைச் சேர்ந்தவற்றோடு புதிய கற்றைகளாக அவை சேர வேண்டும். மடலுக்குச் சற்று முன்னால், கிளியா செல்கள் அடர்ந்த ஒரு பகுதியில் இந்த மாற்றம் நடக்கிறது. வகைபிரிக்கும் பகுதி என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பகுதி முன்கூட்டியே அமைந்து காத்திருப்பதில்லை. முதலில் வந்து சேரும் ஆக்ஸான்கள், மூளையிலிருந்து தோன்றும் கிளியா செல்களில் ஒரு பிரிவைப் பெருகவும் நரம்பை நோக்கி நகரவும் தூண்டுகின்றன. அப்படி நகர்ந்த செல்களே வகைபிரிக்கும் பகுதியாக அமைகின்றன. பின்னால் வரும் ஆக்ஸான்கள் அதற்குள் நுழைந்து அணி மாறுகின்றன. கிளியாவைக் கதிரால் குறைத்த பூச்சிகளில், ஃபாசிக்ளின் 2 என்னும் ஒட்டுப்புரதத்தைத் தாங்கிய ஆக்ஸான்கள் சரியாகப் பிரிந்து கற்றையாகவில்லை. அதாவது முன்னோடிகளான சில நரம்பணுக்கள் கிளியாவின் வளர்ச்சியை வடிவமைக்கின்றன. அந்தக் கிளியா, பின்வரும் நரம்பணுக்களின் பாதையை வடிவமைக்கிறது. ஆக்ஸான்கள் இங்கே கிளியாவுக்கு எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதில் அவற்றின் மேலுள்ள, இஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பிக்குப் பங்கு இருப்பதைக் கிப்சனும் டோல்பர்ட்டும் 2006இல் தெரிவித்தார்கள். அந்த ஏற்பியைத் தடுத்தபோது ஆக்ஸான்களின் பிரிவும் நீட்சியும் குலைந்தன.

செய்தி எதன் வழியே செல்கிறது

நகரச் சொல்லும் செய்தி என்ன மூலக்கூறு என்ற கேள்வியே இந்த ஆய்வுத்தொடரின் மிக வளமான பகுதி. ஒரே விடையில் அடங்காத பகுதியும் அதுவே.

நரம்பணு என்றதும் மின்துடிப்பு நினைவுக்கு வரும். ஆகவே முதலில் அதை விலக்க வேண்டியிருந்தது. மின்துடிப்புக்குத் தேவையான சோடியம் வாயில்களை அடைக்கும் டெட்ரோடாக்ஸினை வளரும் கூட்டுப்புழுக்களுக்குச் செலுத்தியும் முடிச்சுகள் உருவாயின என்று ஓலண்டும் குழுவினரும் 1996இல் கண்டார்கள். உணர்கொம்பு வாசனைக்கு மின்முறையில் பதில் தரத் தொடங்குவதே முடிச்சுகளின் வடிவம் அமைந்த பிறகுதான் என்பதோடு இது பொருந்துகிறது. வாசனை உணர்வு மூளையின் இந்த அமைப்பைச் செதுக்கவில்லை. ஆக்ஸான் வந்து நிற்பதே போதுமானதாக இருக்கிறது.

அடுத்த தடயம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. அதை உருவாக்கும் நொதி, வளர்ச்சிக் காலம் முழுவதும் வாசனை ஏற்பி நரம்பணுக்களில் இருக்கிறது. அந்த நொதியைத் தடுத்தபோதும், உருவான நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அகற்றியபோதும், மடலின் கிளியா செல்கள் நகரவில்லை என்று கிப்சன், ரோஸ்லர், நைகோர்ன், ஓலண்ட், ஹில்டிபிராண்ட், டோல்பர்ட் ஆகியோர் 2001இல் தெரிவித்தார்கள். இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுணுக்கம் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு வழக்கமாகச் செயல்படும் பாதை, குவானிலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டிச் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறை உருவாக்குவது. இந்தக் கிளியா செல்களில் அது நடக்கவில்லை; அந்த நொதியைத் தடுத்தும் அவற்றின் நகர்வு கெடவில்லை. மாறாக, புரதங்களின் மேல் ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்னும் வேதிக்கூறு சேர்க்கப்படுவதைத் தடுக்கும் நோவோபயோசினைக் கொடுத்தபோது, நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்ததைப் போன்ற விளைவே வந்தது. பாடநூல் பாதையை அப்படியே பொருத்திப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அது பொருந்தவில்லை என்று காட்டிவிட்டு வேறு வழியைத் தேடியது அக்கட்டுரையின் நேர்மை.

மூன்றாவது தடயம் கால்சியம். ஆக்ஸான் வராத மடலின் கிளியா செல்களில் பொட்டாசியம் மின்னோட்டங்களும் மாறியிருந்தன, மின்னழுத்தம் மாறும்போது செல்லுக்குள் கால்சியம் உயரும் திறனும் இயல்பாக வளரவில்லை என்று கிறிஸ்டியன் லோரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001, 2002 ஆண்டுகளில் கண்டார்கள். இதன் பொருள் ஆழமானது. ஆக்ஸான் கிளியாவை நகரச் சொல்கிறது என்பது மட்டுமன்று. அந்தச் செய்தியைக் கேட்டுச் செயல்படத் தேவையான மின்-வேதி இயல்பையே கிளியாவில் ஆக்ஸானின் இருப்பு வளர்க்கிறது. பின்னர் லோர், ஹைல், டைட்மர் ஆகியோர் 2005இல், உயிருள்ள கூட்டுப்புழுவிலேயே கால்சியம் வாயில்களைத் தடுத்தால் கிளியாவின் நகர்வு குன்றுகிறது என்று காட்டினார்கள். கிளியாவில் அந்தக் கால்சியம் உயர்வைத் தூண்டுவது, பூச்சிகளின் வாசனை ஏற்பி நரம்பணுக்கள் செய்திக்கடத்தியாகப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்று 2007இல் ஹைல், ஓலண்ட், லோர் ஆகியோர் தெரிவித்தார்கள்.

டெட்ரோடாக்ஸின் பரிசோதனையோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். மின்துடிப்பு தேவையில்லை என்றால் அசிட்டைல்கோலின் எப்படி வெளிவரும்? வளரும் ஆக்ஸானின் நுனி, இணைப்பு அமையும் முன்பே, துடிப்பு எதுவுமின்றித் தானாகவே அசிட்டைல்கோலினைச் சிறிது சிறிதாக வெளிவிடும் என்பது தவளை, கோழி ஆகியவற்றின் நரம்பணுக்களில் 1983இலேயே காட்டப்பட்டிருக்கிறது. அதனால் இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று அடிப்பவை அல்ல என்றே கருதுகிறேன்.

நான்காவது தடயம் எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. இது கிளியாவின் மேலேயே இருக்கிறது. கிப்சன், டோல்பர்ட், ஓலண்ட் ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், இந்த ஏற்பியின் செயலைத் தடுத்தபோது கிளியாவின் நகர்வு, பெருக்கம், உயிர்த்தரிப்பு மூன்றும் பாதிக்கப்பட்டன. அத்துடன் ஆக்ஸான்களின் வளர்ச்சிப் போக்கும் மடல் நரம்பணுக்களின் டென்ட்ரைட்களும் மாறின. தடை விழுந்தது கிளியாவின் ஏற்பியில். மாற்றம் தெரிந்தது நரம்பணுக்களிலும். கிளியா திரும்பப் பேசுகிறது என்பதன் அடையாளம் அது.

ஈயின் கண்ணிலிருந்து கிடைக்கும் வலு

மேற்கூறிய பரிசோதனைகளில் பெரும்பாலானவை மருந்துகளைக் கூட்டுப்புழுவின் உடலுக்குள் செலுத்திச் செய்யப்பட்டவை. மருந்து உடல் முழுவதும் பரவும். அது எந்த வகைச் செல்லில் செயல்பட்டு விளைவைத் தந்தது என்பதை மறைமுகமாகவே ஊகிக்க வேண்டியிருக்கும். இந்தக் குறையை நிரப்புவது பழ ஈயின் மரபியல். அங்கே ஒரு மரபணுவை ஒரே ஒரு வகைச் செல்லில் மட்டும் நிறுத்தவோ இயக்கவோ முடியும்.

ஈயின் கண் உருவாகும் தட்டையான திசுவில், ஒளியுணர் நரம்பணுக்கள் தோன்றிய பிறகே, அத்திசுவை மூளையோடு இணைக்கும் கண்தண்டிலிருந்து கிளியா செல்கள் அத்திசுவுக்குள் நகர்ந்து வருகின்றன என்று சோயும் பென்சரும் 1994இல் விவரித்தார்கள். ஒளியுணர் செல்களை அவை வழக்கமாகத் தோன்றாத இடத்தில் தோன்றச் செய்தால் கிளியாவும் அங்கே செல்கிறது. கிளியாவின் நகர்வைத் தடுத்தால், ஒளியுணர் ஆக்ஸான்கள் கண்தண்டுக்குள் நுழைய முடியாமல் போகின்றன என்று ரங்கராஜன், காங், கௌல் ஆகியோர் 1999இல் காட்டினார்கள். அந்துப்பூச்சியின் வாசனை மடலில் பார்த்த இருவழி உறவு, வேறொரு பூச்சியின் வேறொரு புலனில் அப்படியே எதிரொலிக்கிறது.

2009இல் பிரான்ஸ்டோட்டிரும் கிளாம்ப்டின் குழுவினரும் மூலக்கூறு அளவில் இதைத் துல்லியமாக்கினார்கள். ஈயின் கிளியாவில் ஹார்ட்லெஸ் என்னும் எஃப்ஜிஎஃப் ஏற்பி இருக்கிறது. கிளியா செல் மற்றொரு கிளியா செல்லை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, பிரமஸ் என்னும் காரணி அந்த ஏற்பியின் வழியே பெருக்கத்தையும் நகர்வையும் நடத்துகிறது. ஆக்ஸானைத் தொட்டதும், நரம்பணுவிலிருந்து வரும் திஸ்பி என்னும் வேறு காரணி அதே ஏற்பியைத் தூண்டி, அந்தச் செல்லை ஆக்ஸானைச் சுற்றிப் போர்த்தும் முதிர்ந்த கிளியாவாக மாற்றுகிறது. மாண்டூக்காவில் மருந்தால் கிடைத்த 2012ஆம் ஆண்டு முடிவை நான் நம்பகமானதாகக் கொள்வதற்கு, ஈயில் மரபணு வழியாகக் கிடைத்த இந்த விவரமும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு பூச்சியின் முடிவை மற்றொன்றின் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கூடாது. ஈயின் வாசனை மடலில், ஏற்பி நரம்பணுக்களின் ஆக்ஸான்கள் வருவதற்கு முன்பே மூளை நரம்பணுக்களின் டென்ட்ரைட்கள் தத்தம் இடங்களை ஓரளவுக்குப் பிரித்துக்கொண்டுவிடுகின்றன என்று 2004இல் ஜெஃபெரிஸும் லிகுன் லுவோவின் குழுவினரும் காட்டினார்கள். மாண்டூக்காவில் வார்ப்பை ஆக்ஸான்களே கட்டுகின்றன. எறும்புகளில் நிலைமை வேறு பக்கம் சாய்கிறது: ஊசிரியா பிரோய் என்னும் எறும்பில் வாசனை ஏற்பிகளுக்குப் பொதுவான ஓர்கோ மரபணுவை 2017இல் முடக்கியபோது, சுமார் 500 முடிச்சுகள் இருக்க வேண்டிய மடலில் சுமார் 90 மட்டுமே இருந்தன. வெளியிலிருந்து வரும் நரம்பணுக்களை மடல் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. கிளியாவின் நடத்தையையும் அந்தந்த இனத்திலேயே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மீண்டும் படிக்க வேண்டிய ஒரு முடிவு

2017இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டஸும் கிளாட் டெப்லானின் குழுவினரும் ஈயின் கண்ணில் கண்டறிந்தது, மாண்டூக்காவின் பழைய சோதனை ஒன்றை வேறு கண்ணோடு படிக்கத் தூண்டுகிறது. ஒளியுணர் ஆக்ஸான்கள் அனுப்பும் இஜிஎஃப் செய்தியைப் பெறுவது அவற்றைப் போர்த்தியிருக்கும் கிளியா. அந்தக் கிளியா இன்சுலின் போன்ற புரதங்களை வெளியிடுகிறது. அவை மூளையின் அடுத்த அடுக்கில் உள்ள இளம் செல்களை நரம்பணுக்களாக முதிரச் செய்கின்றன. அதாவது கிளியா இங்கே வெறும் எல்லையாக நிற்கவில்லை, ஒரு நரம்பணுக் கூட்டத்தின் செய்தியை மற்றொரு நரம்பணுக் கூட்டத்துக்குக் கடத்துகிறது.

கிளியா குறைந்த மாண்டூக்கா மடல்களில் டென்ட்ரைட்கள் கட்டுமீறிப் பரவியதை, 1988 முதலே பெரும்பாலும் தடுப்பு இல்லாமையின் விளைவாகப் படித்துவந்திருக்கிறோம். அதே முடிவை, டென்ட்ரைட்களுக்குச் சேர வேண்டிய செய்தி வந்து சேராமையின் விளைவாகவும் படிக்க முடியும். கிளியாவின் எஃப்ஜிஎஃப் ஏற்பியைத் தடுத்தபோது டென்ட்ரைட்களும் மாறின என்ற 2012ஆம் ஆண்டுக் குறிப்பு இந்த இரண்டாவது வாசிப்புக்கு இடம் தருகிறது. ஆனால் அங்கும் கிளியாவின் நகர்வு நின்றுபோயிருந்ததால், எல்லையின் குறையையும் செய்தியின் குறையையும் அந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட இயலாது. மரபணுவைக் கத்தரிக்கும் கிரிஸ்பர் முறை மாண்டூக்காவிலும் 2019க்குள் கையாளப்பட்டுவிட்டது. கிளியாவை வழக்கம்போல் நகரவிட்டு, முடிச்சுகளைச் சுற்றி வளைக்கவும் விட்டு, அது வெளியிடும் காரணிகளை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை. எல்லை முழுமையாக இருந்தும் டென்ட்ரைட்கள் வழிதவறினால் இரண்டாவது வாசிப்பு சரி. அவை முடிச்சுக்குள்ளேயே அடங்கி நின்றால் டோல்பர்ட்டும் ஓலண்டும் முதலில் சொன்ன விளக்கம் அப்படியே நிற்கும்.